கதையில வந்த மகன்

ரோலா, ஷார்ஜா
வெள்ளிக்கிழமை, அஸருக்கு முன்னாடி

அன்பு மவன் ஜாபர் சாதிக்குக்கு உம்மா ரஹீமா பீவி எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வோட கிருபையில இங்க நானும் உன் தங்கச்சி ஹிஃப்ஸாவும் மாப்பிள்ளையும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கோம், அதுக்கு மேல சுகம்னு எழுதினா பொய்யாயிடும், பொய் எழுதுற வேலைய நம்ம குடும்பத்துல நீ ஒருத்தன் பாத்தா போதும். அங்க நீயும் நீ பொத்திப் பொத்திப் பாத்துக்கிற அந்தச் சீனாப் பிள்ளைகளும் சுகமா இருக்கீங்களா, எல்லாரும் நேரத்துக்குச் சாப்பிடுறாங்களா, இங்கிலீஷ் கதையை வாசிச்சு கேள்விக்கு டிக் அடிக்கிறதுல ஒரு குறையும் இல்லையே. இதையெல்லாம் போன்ல சொல்லலாமேன்னு ஹிஃப்ஸா கேட்டா. போன்ல நான் வாயைத் திறக்கறதுக்குள்ள உம்மா கிளாஸ் இருக்குன்னு வெச்சிடுற, காகிதத்தை அப்படி வெக்க முடியாதுன்னு சொன்னேன். அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்ட கை, எழுத்து கோணலாத்தான் இருக்கும். வாசிச்சுக்க, வாத்தியாராச்சே. ஹிஃப்ஸா போட்டோ புடிச்சு அனுப்புவா.

உங்க வாப்பா மவுத்தானதிலிருந்து நான் இத்தாவுல இருக்கேன், உனக்குத் தெரியாததில்ல, நாலு மாசம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. ரோலாவுல இந்த ஒத்தை ரூமும் ஹாலும்தான் இப்ப எனக்கு உலகம். ஜன்னலைத் திறந்தா எதிர்ல எக்ஸ்சேஞ்ச், வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா ஊருக்குப் பணம் அனுப்புறவங்க வரிசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிக்கும், அந்தச் சனத்துல வெள்ளைச் சட்டை போட்டுக் கொஞ்சம் சாஞ்சு நடக்கிறவரைப் பாத்தா உங்க வாப்பான்னு எட்டிப் பாத்துடுறேன், அப்புறம் ஜன்னலை மூடிட்டு ஏசியோட சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருப்பேன். மாப்பிள்ளை ருவைஸ்ல பிளான்ட் டூட்டி, ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை வர்றாரு, வந்ததும் தூங்குறாரு, எழுந்ததும் அஜ்மான்ல வாடகை கம்மின்னு பேசுறாரு, திரும்ப பஸ் ஏறிடுறாரு. நல்ல மனுசன், குறை சொல்லல. ஆனா அவரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு, இத்தா முடிஞ்சதும் ஜூன் மாசத்தோட இந்த வீட்டைக் காலி பண்ணிட்டு அஜ்மான் போறோம். அங்கேருந்து ஹிஃப்ஸா தினம் ஷார்ஜாவுக்கு கிளினிக் டூட்டிக்கு வந்து போவா. நம்ம சூட்கேஸ் கடையைப் பக்கத்து வாட்ச் கடை கௌஸ் முகைதீன் காக்காதான் பாத்துக்கிறாரு. ஆக உங்க வாப்பா படுத்த கட்டிலு, அவங்க தொழுத இடம், சட்டை மாட்டுற ஆணி, இதையெல்லாம் நீ பாக்கணும்னா அதுக்குள்ள பாக்கணும், அதுக்கப்புறம் எவனோ நாலு பேச்சிலர்ஸ் அதுல துண்டு காயப்போடுவாங்க.

மவுத்து வீட்டுக்கு வர்ற சனங்களைப் பத்தி என்ன சொல்ல. என் முகத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி வீட்டை அளந்துதான் பாக்குறாங்க. கிழக்குத் தெரு மாமி ஒருத்தி, அஜ்மான்ல இருக்கா, உனக்கு ஞாபகம் இருக்கும், சிரிச்சாலும் அழுதாலும் ஒரே சத்தமா வரும், அவ ஒரு சட்டி பிரியாணியோட வந்து உட்காந்து, மகன் வரலையா மகன் வரலையான்னு மூணு தடவை கேட்டா. சீனாவுல பெரிய பரீட்சை, அவன் வாத்தியாரு, விட்டுட்டு வரமுடியாதுன்னு சொன்னேன். அதுக்கு அவ, சீனாக்காரன் பிள்ளை பாஸாகுற வரைக்கும் நம்ம மையத்து காத்திருக்குமா ரஹீமான்னு கேட்டா. காத்திருக்காது, அதனாலதான் மறுநாளே அடக்கிட்டோம், பிரியாணியில உப்பு கம்மி, அதைப் பாருங்கன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டேன். உனக்காகத்தான் அந்த வாய் பேசினேன், அது உனக்குத் தெரியணும். அடக்கத்துக்கு நீ வரலைங்கறதை நான் குறையா எழுதல. உன் பாஸ்போர்ட்டு விசா புதுப்பிக்க ஆபிஸ்ல கிடந்துச்சு, நம்ம மார்க்கத்துல மையத்தை வெச்சுக்கிட்டு யாருக்கும் காத்திருக்க மாட்டோம், அது நசீபு, விதிச்சது. ஆனா பாஸ்போர்ட்டு நோன்புக்கு முன்னாடியே உன் கைக்கு வந்துடுச்சே. அப்புறம் புது டெர்ம்னு சொன்ன. அப்புறம் பெருநாளைக்கு லீவு மாஃபி, கிடையாதுன்னு சொன்ன. அப்புறம் மாதிரிப் பரீட்சை. இப்ப நிஜப் பரீட்சை. இத்தா முடியுற வாரமும் அந்தப் பரீட்சை வாரமும் ஒண்ணாத்தான் வருதாம், அதனால அப்பவும் வர முடியாதாம். அல்லாஹ் கணக்கா அந்த சீனாக்காரன் கணக்கா, யாரு பாத்து வெச்சாங்களோ தெரியல. இத்தா முடியுற அன்னைக்குக் குளிச்சுப் புதுச்சேலை கட்டின உம்மாவை மகன் கையைப் புடிச்சு வாசல் தாண்டிக் கூட்டிட்டுப் போறது நம்ம வீட்டு வழக்கம், நம்ம வீட்டு மாமியை அவ இத்தா முடிஞ்சு மகன் கூட்டிட்டுப் போனப்ப நீ செருப்பு எடுத்துக் கொடுத்தவன், மறந்திருக்க மாட்ட.

இப்ப விசயத்துக்கு வர்றேன். போன செவ்வாக்கிழமை ஹிஃப்ஸா கிளினிக்லேருந்து வந்து, புர்காவைக்கூடக் கழட்டாம அடுக்களையில போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு நின்னா. பாத்திரம் ஒண்ணும் கழுவல. என்னடின்னு கேட்டா ஒண்ணுமில்லைன்னா. போனை வாங்கிப் பாத்தா ஒரே இங்கிலீஷு, மேல கதை, கீழ கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ஏ பி சி டி. அந்தச் சீனாப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்குன்னு நீயே எழுதினியாமே, அச்சடிக்கறதுக்கு முன்னாடி எழுத்துப் பிழை இருந்தா பாருன்னு தங்கச்சிக்கு அனுப்பிச்சியாமே. பத்தாவதுல இங்கிலீஷ்ல நீ பாஸானதுக்கு உங்க வாப்பா இந்தத் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாங்க, ஃபெயிலாவன்னு அவ்வளவு நிச்சயமா இருந்தாங்க, இப்ப நீ கதை எழுதுற அளவுக்கு வந்துட்ட, மாஷா அல்லாஹ். கதை என்னன்னு சொல்லுடின்னு அவளை உட்கார வெச்சுத் தமிழ்ல சொல்லச் சொன்னேன். அவ சொல்லச் சொல்ல எனக்கு வந்தது சிரிப்பா என்னன்னு இப்பவும் தெரியல.

ஒரு ஊர்ல ஒரு சூட்கேஸ் வியாபாரி. அவருக்கு ஒரு மகன். மகன் வியாபாரத்தை விட்டுட்டு வாத்தியாரானதுல தகப்பனுக்குக் கோபம், பல வருசமாப் பேச்சில்ல. ஒருநாள் தகப்பன் ஆஸ்பத்திரியில கிடக்காரு, ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டுது. மகன் பிளேன் புடிச்சு ஏர்போர்ட்லேருந்து நேரா நனைஞ்சுக்கிட்டே ஓடி வந்து கையைப் புடிக்கிறான். தகப்பன் கண்ணைத் திறந்து, உன்னை மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டுப் போய்ச் சேந்துடுறாரு. அப்புறம் உம்மாக்காரி கறுப்புத் துணி உடுத்திக்கிட்டு கபருல பூவும் மெழுகுவத்தியும் வெச்சு அழுவுறா. கீழ கேள்வி, மகன் எப்ப வந்தான். தகப்பனுக்கு ஏன் கோபம். ஏன்டா, மெழுகுவத்தி எப்படா நம்ம மார்க்கத்துக்கு வந்துச்சு? நான் வெள்ளைச் சேலையோட இந்த ரூம்ல அடைஞ்சு கிடக்கேன், நீ எனக்குக் கறுப்பு உடுத்தி ஊர் சுத்த விட்டிருக்க. மழை வேற. அன்னைக்கு ஷார்ஜாவுல மழையில்ல, தூசிதான் அடிச்சுச்சு, கௌஸ் காக்கா கடை முன்னாடி தண்ணி தெளிச்சுக்கிட்டு இருந்தாரு. சரி, அது கதை, வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் புரியணும்னு நாலு மாத்தி எழுதியிருப்பன்னு ஹிஃப்ஸா சொன்னா. இருக்கட்டும். ஆனா அந்த மகன் யாருடா? ஏர்போர்ட்லேருந்து நனைஞ்சுக்கிட்டு ஓடி வந்தானே, நேரத்தோட வந்து கையைப் புடிச்சானே, அவன் யாரு? நல்ல பிள்ளையா இருக்கான். எனக்கு அப்படி ஒருத்தன் இருக்கறது இத்தனை வருசமாத் தெரியாமப் போச்சு.

நடந்தது உனக்குப் போன்ல துண்டு துண்டாத்தான் போச்சு, நீயும் கேக்கல, அதனால முழுசா எழுதுறேன். ஊருக்குப் போற ஒரு ஆளு, விருதுநகர்ப் பக்கத்துக்காரராம், பெரிய சூட்கேஸ் வாங்கிக் கடையிலேயே சாமானை அடுக்கினாரு. மூட மாட்டேங்குது. உங்க வாப்பா வழக்கம் போல முட்டியை அதுமேல வெச்சு அமுக்கி ஜிப்பை இழுத்து விட்டாங்க. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அது கடைக்காரன் வேலையில்ல, வாங்கினவன் முட்டியால அமுக்கட்டும்னு. கேட்டாத்தானே. மூடி முடிச்சு, அண்ணே நம்பர் பூட்டு மூணு சைபர்ல இருக்கு, ரூமுக்குப் போனதும் மாத்திக்குங்கன்னு சொன்னாங்களாம். சொல்லிட்டு அந்த சூட்கேஸ் மேலேயே உட்காந்துட்டாங்க. கௌஸ் காக்கா ஓடி வந்து நெஞ்சைத் தடவும்போது வாய் கலிமா சொல்லிக்கிட்டு இருந்துச்சாம், அவரு காதால கேட்டிருக்காரு, அல்ஹம்துலில்லாஹ், எனக்கு அது போதும். ஆம்புலன்ஸ் வரும்போதே ரூஹு போயிடுச்சு. அந்த ஆளு அன்னைக்கு பிளேனுக்குப் போகாம அடக்கத்துக்கு நின்னாரு. பேருகூடத் தெரியாத ஆளு, டிக்கெட்டு வீணாப் போனதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. உன் கதையில எழுதறதா இருந்தா அவரை எழுதியிருக்கலாம். உங்க வாப்பா மனுசங்ககிட்ட கடைசியாச் சொன்னது மன்னிப்பும் இல்ல மண்ணும் இல்ல, மூணு சைபரு.

மன்னிக்கறதுக்கு என்னடா இருந்துச்சு? கோபம்னு எழுதியிருக்கியே, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். உன்னைச் சீனாவுல யீவு சந்தைக்கு அனுப்பினது சூட்கேஸ் சக்கரம் நல்லா உருளுதான்னு பாத்து வாங்கி அனுப்பத்தான், வாஸ்தவம். நீ ஒருநாள் போன் போட்டு, வியாபாரம் எனக்கு வரல, இங்க ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போறேன்னு சொன்ன. உங்க வாப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சம்பளம் ஒழுங்காத் தர்றானான்னு கேட்டு வெச்சிட்டாங்க. அதைத்தான் நீ கோபம்னு இத்தனை வருசமா நெஞ்சுல வெச்சிருக்கன்னு இப்ப இந்தக் கதையைக் கேட்டப்புறம்தான் எனக்கு விளங்குது. அட பைத்தியக்காரா, நீ வியாபாரி பெத்த பிள்ளைதானா? அந்த நேரம் ஒரு பட்டான் முன்னாடி நின்னு ரெண்டு விலை முடிஞ்சு மூணாவது விலைக்கு வந்திருந்தான். முதல் விலை மரியாதைக்கு, ரெண்டாவது விலை கோபத்துக்கு, மூணாவதுதான் நிஜ விலை, அதைச் சொன்னதுக்கப்புறம் யாரு முதல்ல வாயைத் திறக்கறானோ அவன் தோத்தான்னு உங்க வாப்பா உனக்குப் பால்குடி மறந்ததிலேருந்து சொல்லிக்கொடுத்ததில்லையா? அந்த இடத்துல எந்த வியாபாரிடா வாயைத் திறப்பான்? நீ போனை வெச்சதும் அந்தப் பட்டான்கிட்டயே சொல்லியிருக்காங்க, சூட்கேஸ்ல தொங்குற மேட் இன் சைனா அட்டையைத் திருப்பிக் காட்டி, பாய், எம் மகன் இந்த ஊர்லதான் இவங்க பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறான்னு. நாம சீனாக்காரன்கிட்ட வாங்குறது போய், நீங்க அவனுக்கு விக்கவும் ஆரம்பிச்சிட்டீங்களான்னு அவன் கேட்டானாம். ஆமா பாய், அவன் சக்கரம் அனுப்புறான் நாங்க இங்கிலீஷ் அனுப்புறோம்னு இவங்க சொல்ல, அந்தப் பட்டான் சிரிச்சுக்கிட்டே விலைக்கு முதல்ல வாயைத் திறந்து தோத்துட்டான். அதுக்கப்புறம் கடைக்கு வந்த மலபாரி, வங்காளி, எகிப்துக்கார மிஸ்ரி ஒருத்தரையும் அந்த அட்டையைத் திருப்பாம விட்டதில்ல.

இன்னொண்ணும் சொல்றேன். நீ ஹிஃப்ஸாவுக்கு அனுப்புற பயிற்சிக் கதையெல்லாம் கடையில மத்தியானம் ஆளில்லாத நேரத்துல போன்ல அவளைத் தமிழ்ல சொல்லச் சொல்லி உங்க வாப்பாவும் கௌஸ் காக்காவும் பதில் சொல்லுவாங்க. பனிக்கரடி ஏன் மெலிஞ்சு போச்சுன்னு ஒரு கேள்வி. முதலாளி கஃபீல் சம்பளம் தரலன்னு கௌஸ் காக்கா சொன்னாரு. உங்க வாப்பா எந்தக் கேள்விக்கும் சி தான். கதையைக் கேக்கவே மாட்டாங்க, நாலு விலை சொன்னா மூணாவதுதான் நிஜம், சின்னு போடுன்னுவாங்க. ஏதோ சில தடவை சரியாவும் வந்துடும், வந்தா உனக்குப் போன் போட்டுச் சொல்லுன்னு குதிப்பாங்க. சொல்லலையான்னு கேக்காதே, போட்டா நீ கிளாஸ்ல இருந்த. இப்ப தகப்பனுக்கு ஏன் கோபம்னு நீ கேட்ட கேள்விக்கு நாலு பதில் கொடுத்திருக்கியே, மகன் சொல் பேச்சுக் கேக்கல, வியாபாரம் நொடிச்சுப் போச்சு, மகன் பணம் அனுப்பல, வாத்தியாரு வேலை மட்டம். உங்க வாப்பாவோட சி மட்டுமில்ல, முதல்தடவையா நாலுமே தப்பு. சரியான பதிலையே எழுதாம பிள்ளைகளைப் போட்டு டிக் அடிக்கச் சொல்ற நீ என்ன வாத்தியாரு?

தெரியாத சொல் வந்தா நிக்காதீங்க, தாண்டிப் போங்க, நின்னா நேரம் போயிடும்னு பிள்ளைகளுக்குச் சொல்லித்தர்றதா நீயே ஹிஃப்ஸாகிட்ட பெருமையாச் சொன்ன. பரீட்சைக்கு அது சரியா இருக்கும். நீ உங்க வாப்பா மவுத்தையும் அப்படித்தான் தாண்டிப் போயிருக்க. டெர்மு, மாதிரிப் பரீட்சை, நிஜப் பரீட்சைன்னு அடுத்த வரிக்கு அடுத்த வரிக்குப் போயிக்கிட்டே இருக்க. நானும் அதைத் தாண்டத்தான் பாக்குறேன் மவனே, காலையில டீ போட ரெண்டு கிளாஸ் எடுத்து வெக்கும்போதெல்லாம் அந்த இடத்துலயே நின்னுடுறேன்.

அந்தக் கதையை ஒரு கிளாஸுக்குக் கொடுத்துப் பாத்தாச்சுன்னும், பட்டன் கடை வெச்சிருக்கிற அம்மாவோட மக ஒருத்தி அழுதுட்டான்னும், சார் நீங்க நேரத்துக்குப் போய்ச் சேந்ததுல எனக்குச் சந்தோசம்னு காகிதத்துக்கு அடியில எழுதிக் கொடுத்தான்னும் தங்கச்சிக்கு எழுதியிருக்க. அந்தப் பிள்ளைக்கு நீ என்ன பதில் சொன்ன? சிரிச்சிருப்ப. அந்தப் பிள்ளை முகத்தை நான் பாத்ததில்ல, ஆனா இந்த நாலு மாசத்துல உன்னைப் பாத்து ஒரு நல்ல வார்த்தை சொன்னது அவ ஒருத்திதான், அவகிட்டயாவது உண்மையச் சொல்லியிருக்கலாம்.

கேட்டுக்க, நான் சொல்றது இதுதான். பரீட்சையை விட்டுட்டு வராதே. அந்தப் பிள்ளைகளுக்கும் உம்மா இருக்காங்க, பட்டன் வித்துப் படிக்க வைக்கிறாங்க, நடு வழியில விட்டுட்டு வந்தா அந்தப் பாவம் எனக்கு வேணாம். அந்தப் பிள்ளைகிட்ட உண்மையைப் பரீட்சை முடிஞ்சப்புறம் சொல்லு, முன்னாடி சொன்னா மனசு கலையும். அந்தக் கதையை அச்சடிக்காதே, பனிக்கரடியவே கொடு. கடைசிப் பரீட்சை முடிஞ்சு மணி அடிச்சதும் நீ ஏர்போர்ட்டுல இருக்கணும், மழை பெய்யலைன்னாலும் பரவாயில்ல, நனையாமலே வா. இத்தாவை ஒரு நாளும் நீட்டக் கூடாதுன்னு மார்க்கத்துல இருக்கு, நீட்ட மாட்டேன், முடியுற அன்னைக்குக் குளிச்சுச் சேலை கட்டிக்குவேன். ஆனா அன்னைக்குப் பாத்து எனக்கு முட்டிவலி வந்துடும். மாப்பிள்ளை அஜ்மானுக்கு வண்டி கொண்டு வந்து நிறுத்தட்டும், கிழக்குத் தெரு மாமி பிரியாணியோட வரட்டும், நீ வந்து கையைப் புடிக்கிற வரைக்கும் அந்த முட்டிவலி தீராது. டாக்டர்கிட்ட மருந்து இல்லைன்னு ஹிஃப்ஸாகிட்ட இப்பவே சொல்லி வெச்சிருக்கேன்.

எல்லாத்துக்கும் மேல உடம்பைப் பாத்துக்க, சாப்பிடுறதுல ஹராம் ஹலால் பாத்துச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, உங்க வாப்பாவுக்கு யாசீன் ஓதி துஆ செய், ஓத நேரமில்லைன்னு சொல்லாதே. உன் பிள்ளைகள் எல்லாரும் பாஸாக நானும் துஆ கேக்குறேன், அந்தப் பட்டன் கடைப் பிள்ளைக்குத் தனியாக் கேக்குறேன். அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தும் நல்ல நசீபும் தரட்டும், ஆமீன். வரும்போது சூட்கேஸ் வாங்கிட்டு வந்துடாதே, இங்க ஒரு கடை நிறையக் கிடக்கு, எல்லாம் மூணு சைபர்லதான் இருக்கு. இன்னொண்ணு. வர முடியலைன்னு உனக்குப் பதிலா அந்தக் கதையில வர்றவனை அனுப்பி வெச்சிடாதே. ரொம்ப நல்லவன், நேரத்தோட வர்றவன், ஆனா அவனை நான் பெறல. நேரத்துக்கு வராதவன்தான் எம் மவன், அவன்தான் எனக்கு வேணும்.

வாசலைப் பாத்துக்கிட்டிருக்கும் உன் உம்மா,
ரஹீமா பீவி